கொண்டைக்கு மேல் போகாத சட்டை

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து பேரும் நான் கம்பளி நூலில் பின்னிய சட்டை போட்டுத்தான் வளர்ந்தார்கள். எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. ஆனால் பின்னல் புத்தகத்தில் படத்தைப் பார்த்தாலே போதும், கை தானாகப் பின்னும்.

இந்த வசந்தகாலத்துக்கு வந்த பின்னல் புத்தகத்தில் ஒரு மஞ்சள் சட்டை இருந்தது. இலை இலையாகப் பின்னல், ஒட்டிப் பிடிக்கும் வட்டக் கழுத்து. அழகென்றால் அப்படி அழகு! ஏப்ரலிலும் இங்கே ஜெர்மனியில் குளிர்தானே. பான் நகரில் நடக்கும் கலியாணத்துக்குச் சேலைக்கு மேல் போடட்டும் என்று கடைசி மகள் வதனிக்கு அதைப் பின்னினேன்.

அன்று வதனி சேலை உடுத்து, பெரிய கொண்டை போட்டு, பூவும் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, இதுக்கு முன்னுக்குத் திறப்பே இல்லையே!"

"தலையால போடு பிள்ளை."

"கொண்டையோடயோ? ஏலாது! நான் கோட்டோடயே போறன்."

சொந்தக்காரர் எல்லாரும் பார்க்க வேண்டிய சட்டை! தையல் மெசினில் அதன் முன்பக்க நடுவே மேலிருந்து கீழாக இரண்டு வரி தைத்தேன். இரண்டுக்கும் இடையில் கத்தரிக்கோலை வைத்தேன்.

"ஐயோ அம்மா!" வதனி கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

கீழ்வரை வெட்டினேன். தையல் பிடித்திருந்ததால் ஒரு நூல் கண்ணிகூடக் கழலவில்லை! ஓரத்தை மடித்துத் தைத்து, சேலைக்குக் குத்தும் புரூச்சைச் சட்டைக் கழுத்தில் குத்தி அனுப்பினேன். கலியாண வீட்டில், "எந்தக் கடையில வாங்கினனீர்?" என்று கேட்டார்களாம்!

இப்போது எந்தப் படத்தைப் பார்த்தாலும், கொண்டையோடு போடலாமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

அபி குஞ்சு, அம்மம்மா எழுதினதை ஒருக்கா வாசி. கத்தரிக்கோல் வாற இடத்தைச் சத்தமா வாசி.