ராட்சசன் காலை உதறிய விதம்

"ஓரமா வாங்க, ஓரமா! மதில் மேல கை வெக்காதீங்க, கோட்டை சாஞ்சிடும்!"

ஒவ்வொரு கூட்டத்துக்கும் அலெக்சாண்டர் இதைத்தான் முதலில் சொல்வார். சொன்ன கையோடு தானே மதிலில் சாய்வார். கருங்கல் கோட்டை ஒட்டுப்பலகைச் சத்தத்தோடு ஆடும். கூட்டம் சிரித்துவிட்டால் போதும், அவர் நடையே மாறிவிடும்.

ஓசூர் எல்லையைத் தாண்டி, ஆனேக்கல் சாலையில் ஒரு மாயாஜாலப் படத்தின் செட்டைப் பிரிக்காமல் வைத்திருக்கிறார்கள். தமிழிலும் கன்னடத்திலும் இருபத்தைந்து வாரம் ஓடிய படம். ஓசூர், தருமபுரி என்று வேன் பிடித்து வருகிறார்கள். எல்லாரும் கேட்பது மேகத்தை முட்டிக்கொண்டு நடந்த ராட்சசனைத்தான்.

அந்த ராட்சசன் அலெக்சாண்டர். உயரம் நாலடி பத்து அங்குலம்.

அடுகோடி பட்டறை ஒன்றில் வெல்டர். ராட்சசன் தலைக்குக் கம்பி பற்றவைக்க வந்தவர். தலை மட்டும் மூன்றடி. படம் பிடித்த ஷெட்டுக்கோ கூரை தாழ்வு. மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால் இடிக்காத ஆள் இவர் ஒருவர்தான். "நம்ம உயரத்துக்கு அரக்கன் வேலைதான்பா செட்டாச்சு" என்பார். முழங்கால் உயரத் தலைநகரத்தை நாலு நாள் மிதித்தார். டைட்டிலில் பேர் வரவில்லை. இப்போது வருகிறவர்களுக்கு அதே செட்டைச் சுற்றிக் காட்டுவதுதான் வேலை.

படம் பார்த்த யாரும் மறக்காத காட்சி ஒன்று உண்டு. அரண்மனையை மிதிக்கப் போகும் ராட்சசன் சட்டென்று நின்று, வலது காலை இரண்டு உதறு, இடது காலை இரண்டு உதறு உதறுவான். தியேட்டரில் பிள்ளைகள் வீறிடும். என்ன கோபம் பார் என்று பத்திரிகைகள் எழுதின.

"கோபமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வாசல்ல கோலம்கூட போட்டு வெச்சிருந்தானுங்க. செருப்போட எப்படிப்பா ஒரு வீட்டுக்குள்ள கால் வெக்கிறது? அதான் உதறிட்டேன்."

காலில் அப்போது செருப்பே இல்லை; ஒட்டவைத்த ரப்பர் பாதம்தான் இருந்தது. டைரக்டர் ஓகே சொல்லிவிட்டார்.

போன மாதம் ஓசூர்க்காரர் ஒருவர் மானேஜர் சுந்தரத்திடம் சண்டைக்குப் போனார்: "இந்தக் குள்ளன் ராட்சசனாம்! எங்களைப் பாத்தா கேணையனாட்டம் இருக்குதா?"

சுந்தரம் கூப்பிட்டார். "அலெக்ஸ், இன்னொரு கம்ப்ளெயிண்ட் வந்தா நாளையிலேருந்து வேலை இல்ல. ராட்சசன் யாருன்னு நீ வாயே தொறக்கக் கூடாது. கொத்தாய்தா? புரிஞ்சுதா?"

"ஆய்து சார்."

அதிலிருந்து கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்று, "இது ராட்சசன் தலை. பதினெட்டு கிலோ" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கை மட்டும் பிடரியைத் தடவும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த தருமபுரி வேனில் வனஜா என்றொரு அம்மாள். படத்தை ஒன்பது தடவை பார்த்தவர். கையில் மாங்காய்க் கீற்று.

"ஏங்க, இதுக்குள்ள இருந்த ஆளு யாருங்க? பேரே போடலியே."

வாசலில் சுந்தரம் நின்றிருந்தார்.

"தெரியாது மேடம்."

"ஏழடி இருப்பானா?"

"இருப்பான் மேடம்."

"பயில்வான்னு எங்க வீட்டுக்காரரு பெட்டு கட்டியிருக்காரு. நெசமா சொல்றேன், அந்த மனுசனை ஒரு வாட்டி பாத்துடணும்னுதான் இம்மாந்தூரம் வந்தேன்."

அலெக்சாண்டர் பிடரியிலிருந்து கையை எடுத்தார்.

கடைசியாகத் தலைநகர ஷெட். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே, நீளக் கழியால் தட்டித்தான் அரண்மனை விளக்கைப் போடுவது வழக்கம். அன்றைக்குக் கழியைச் சுவரில் சாய்த்தார். கயிற்றைத் தாண்டினார். குட்டித் தெருவில் வீடுகளுக்கு நடுவே தோளை அகட்டி, தம் தம்மென்று நடந்தார். அரண்மனை வாசலில் சட்டென்று நின்றார்.

வலது காலை இரண்டு உதறு. ஊக்கு குத்திய ஹவாய் செருப்பு பறந்துபோய்க் கோபுரத்தடியில் விழுந்தது. இடது காலை இரண்டு உதறு.

வனஜாவின் வாய்க்குப் போன மாங்காய் பாதியில் நின்றது. "அய்யய்யோ..."

அலெக்சாண்டர் திரும்பினார். ஷெட் கதவோரம் வந்து நிற்கும் சுந்தரத்தை ஓரக்கண்ணால் காட்டி, உதட்டின் மேல் விரலை வைத்தார். பிறகு வெறுங்காலோடு அரண்மனை வாசலைத் தாண்டிக் குனிந்து, விளக்கைப் போட்டார்.