பள்ளத்து விரால்

கண்ணுகளா, பள்ளிக்கூடம் மூடியதும் உங்களை எங்கேயாவது ஊர்ப்புறமாக அழைத்துப் போகவேண்டும் என்று நானும் உங்கள் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறோம். போனால் ஏரியைப் பார்க்கலாம், சேற்றில் இறங்கலாம், மாட்டுக்குத் தண்ணீர் காட்டலாம். எல்லாம் நல்லதுதான். ஆனால் கிளம்புவதற்கு முன்னால், என்னை அப்படி அழைத்துப் போன கதையை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். கதை என்றால் நடந்தது. எனக்குப் பெரிய படிப்பில்லை என்பது உங்களுக்கே தெரியும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. நாங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம் இருந்தோம். எங்கள் நைனாவுக்கு அச்சாபீசில் எழுத்துக் கோக்கிற வேலை. வீட்டுக்கு முன்னால் சாக்கடை, பின்னால் குழாய். எனக்கும் என் தம்பிக்கும் உலகம் அவ்வளவுதான். ஒருநாள் வாசலில் மீன்காரம்மா கூடையை இறக்கினாள். தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "மீனு எப்பவாவது உசுரோட இருக்குமா நைனா?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. அவன் பார்த்த மீன் எல்லாம் கூடையில் செத்துக் கிடந்த மீன்தான். மீன்காரம்மா சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை. அன்று சாப்பிடும்போதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் செத்ததையே பார்த்து வளர்கிறார்கள், இது நல்லதில்லை என்றார். அடுத்த வாரமே லீவு எழுதிக் கொடுத்துவிட்டார்.

அம்பத்தூர் ரயிலடியில் இறங்கி நடக்கிற தூரத்தில் எங்கள் அத்தை வீடு. அத்தை நைனாவுக்கு அக்கா. நைனா பிறந்ததும் அந்த ஊர்தான். ஆனால் தம்பி வயதிலேயே அவரைப் பட்டணத்தில் ஒரு உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டார்கள். அதனால் ஊர்க்காரர் என்ற பேர் அவருக்கு இருந்தது, ஊர்ப் பழக்கம் இல்லை. அம்மா கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வர முடியாது என்று நின்றுவிட்டாள். நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம்.

நைனா நாள் பார்த்துத்தான் அழைத்துப் போனார். அது கோடைக் கடைசி. ஏரித் தண்ணீர் வற்றி, மதகுக்குப் பக்கத்தில் மட்டும் முழங்காலும் இடுப்புமாக நின்றது. அப்படி வற்றுகிற வருஷத்தில் ஊரே சேர்ந்து ஒருநாள் ஏரியில் இறங்கி மீன் பிடிக்கும். அந்த நாளுக்கு முன்னால் யாரும் ஏரியில் கை வைக்கக்கூடாது. கரைமேல் தமுக்கு அடித்த பிறகுதான் இறங்க வேண்டும். அதுவரை ஏரியைப் பார்த்துக்கொள்ள ஒரு வீட்டுக்குக் காவல் கொடுப்பார்கள். அந்த வருஷம் காவல் அத்தை வீட்டுக்கு வந்திருந்தது. மாமா, அதாவது அத்தையின் புருஷன், அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். ஏரிக்குப் போய்விட்டு வருவார், சாப்பிடுவார், மறுபடி போவார்.

எங்களைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது, "வாங்கடா பட்ணம். வெயில்ல கருத்துட்டீங்கன்னா உங்கம்மா என்னத்தான் வைவா" என்பதுதான். எனக்கு மூங்கில் சிம்பில் ஒரு சின்னக் கூடை முடைந்து வைத்திருந்தார். அதற்கு அடிப்பக்கம் கிடையாது. சேற்றுத் தண்ணீரில் மீன் ஓடுகிற இடம் பார்த்துக் கவிழ்த்துவிட்டு, மேலே இருக்கிற வாய்வழியாகக் கையைவிட்டு எடுக்க வேண்டும். நான் அத்தை வீட்டுக் கோழிகள்மேல் அதைக் கவிழ்த்துப் பழகினேன். நாளை மறுநாள் தமுக்கு என்று மாமா சொன்னார். எனக்கு அதற்குமேல் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தமுக்கு அடிப்பதற்கு முந்தின நாள் மத்தியானம் நைனா எங்கள் இருவரையும் ஏரி உள்வாயில், வற்றின தரைமேல் நடத்திக்கொண்டு போனார். மாமா அந்த நேரம் ஏரியின் மறுகோடிக் கரையில் காவல் சுற்றிக்கொண்டிருந்தார். வெடித்துக் கிடந்த மண்ணைக் காட்டினார். நத்தை ஓடு, நண்டு வளை, நாரை கால் பதித்த தடம் எல்லாம் காட்டினார். அவருக்கும் பேர் தெரியாத செடிகள் இருந்தன. அவற்றுக்கு என்ன பேர் வைக்கலாம் என்று எங்களையே கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரை அச்சாபீஸ் வேலை நாளில் பார்த்ததில்லை.

அப்படிப் போகும்போது ஒரு பள்ளம் வந்தது. ஏரித் தண்ணீரிலிருந்து தள்ளி, தனியாகக் கிடந்தது. கலங்கின தண்ணீர். கரையில் ஒரு குச்சி நட்டு வேப்பங்கொத்து கட்டியிருந்தது. தண்ணீருக்கு மேலே ஒரு வாய் வந்தது. திறந்தது, மூடியது, உள்ளே போயிற்று. அடுத்து இன்னொரு வாய். நாங்கள் பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக வந்து வாயைப் பிளந்துவிட்டுப் போயின. தம்பிக்கு அழுகை வந்துவிட்டது.

"சாவுது நைனா, எல்லாம் சாவுது" என்றான்.

நைனா சாயங்காலங்களில் ஜீவகாருண்யச் சொற்பொழிவுகளுக்குப் போகிறவர். வீட்டில் மீனும் தின்போம், அது வேறு. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். மேல்துண்டின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார். பள்ளத்தில் இறங்கி அரித்தோம். கருத்து, தடித்து, பாம்புத்தலை மாதிரித் தலையுள்ள மீன்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒன்று துள்ளி என் நெஞ்சில் அடித்தது. ஒவ்வொன்றாகத் துண்டில் சுருட்டி ஓடிப்போய் மதகுப் பக்கம் பெரிய தண்ணீரில் விட்டோம். தம்பி வேப்பங்கொத்தைப் பிடுங்கி, மீன்மேல் ஈ உட்காராமல் விசிறிக்கொண்டே கூட ஓடி வந்தான். பள்ளத்தில் வாய் எதுவும் மேலே வராத வரைக்கும் நாங்கள் விடவில்லை. நாளைக்கு ஊரே இறங்கிப் பிடித்துத் தின்னப்போகிற தண்ணீரில்தான் அவற்றைக் கொண்டுபோய் விடுகிறோம் என்பது மூன்று பேருக்கும் தோன்றவில்லை.

சாயங்காலம் மாமா சாப்பிட உட்கார்ந்தார். தம்பி அவர் எதிரில் போய் நின்றுகொண்டான்.

"மாமா, இன்னிக்கி நாங்க எத்தினி மீனக் காப்பாத்தனோம் தெரியுமா?"

"எங்கடா?"

"ஒரு குட்டையில. வாயத் தொறந்து தொறந்து மூச்சு வாங்கிகினு இருந்திச்சி. நாங்கதான் எடுத்து ஏரில உட்டோம்."

மாமா நிமிர்ந்தார். "வேப்பங்கொத்து கட்டிக் கீதே, அந்தப் பள்ளமா?"

"ஆமா. அந்தக் கொத்தாலதான் நான் ஈ ஓட்டனேன்."

மாமா கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டு நைனாவைப் பார்த்தார். "அது வெத மீனு மச்சான்" என்றார்.

நெல்லுக்கு விதை எடுத்து வைப்பதுபோல அந்த ஊரில் மீனுக்கும் எடுத்து வைப்பார்கள். ஏரி வற்றும்போது நல்ல விராலாகப் பார்த்து ஒரு பள்ளத்தில் ஒதுக்கிவிடுவார்கள். எந்தப் பள்ளம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும். வேப்பங்கொத்து கட்டிவிட்டால் அது ஊர்ச் சொத்து, யாரும் தொடமாட்டார்கள். மழை வந்து ஏரி நிறைந்ததும் அவை வெளியேறிக் குஞ்சு பொரிக்கும். ஏரிக் காவல் என்றால் முக்கியமாக அந்தப் பள்ளத்துக் காவல்தான்.

"செத்துப்போவுதுன்னு நெனச்சேன் மாமா. மேல மேல வந்து வாயப் பொளந்துச்சி" என்றார் நைனா.

"விராலு அப்பிடித்தான். மேல வந்து காத்து குடிச்சாத்தான் அதுக்கு உசுரு."

"இப்பவே போயி புடிச்சிடலாமா?"

"அம்மாம் தண்ணில எந்த மூலையில தேடுவ? தமுக்கு அடிக்காம எறங்கவும் கூடாது."

நைனா எழுந்தார். "அப்ப நான் வந்து ஊர்ல சொல்லிடறேன். நான் செஞ்சது."

"நீ பேசாம உக்காரு. காவல் என்னுது" என்று மாமா கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார். அத்தை அவர் இலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தம்பியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. வந்து என்னோடு ஒட்டிக்கொண்டான்.

மறுநாள் காலையில் கரையெல்லாம் ஜனம். கூடை, கொசுவலைத் துணி, ஓட்டைப் பானை, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நானும் என் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நின்றேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து பேசினார். நேற்று மத்தியானம் காவல்காரர் கண்ணசந்துவிட்டார், விதைப் பள்ளத்தை யாரோ காலி செய்துவிட்டார்கள், அவரே வந்து ஒப்புக்கொண்டார் என்றார். ஆகையால் காவல் வீட்டார் இன்று ஏரியில் இறங்கக்கூடாது. முழங்கை நீளத்துக்கு மேல் விரால் கிடைத்தவர்கள் மனசிருந்தால் பள்ளத்தில் கொண்டுபோய் விடுங்கள். விதை சேராவிட்டால் அடுத்த வருஷம் ஏரியில் தவளைதான் பிடிக்க வேண்டும், மழைவரைக்குமான பள்ளத்துக் காவலும் இன்றே வேறு வீட்டுக்குப் போகும் என்று முடித்தார்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

"அண்ணாத்தே, பாயும் தலகாணியும் கொண்டாந்து போடட்டுமா?" என்றான் ஒருவன்.

"கனவுல மீன் புடிச்சிகினு இருந்திருப்பாரு, உடுங்க" என்றான் இன்னொருவன்.

மாமா சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. "மாமா ஒண்ணும் தூங்கல" என்று கத்தினேன். அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாளைக்கு நீலமாக இருந்தது. நைனா தலையைக் குனிந்துகொண்டார்.

தமுக்கு அடித்தது. ஊர் மொத்தமும் ஒரே சத்தமாகத் தண்ணீரில் விழுந்தது. என் வயதுப் பிள்ளைகள் காதுவரை சேறு பூசிக்கொண்டு கெண்டையும் கெளுத்தியும் அள்ளினார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "இன்னா பட்ணம், வேடிக்கை பாக்கவா கூடை கொண்டாந்த?" என்று கேட்டான். நான் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா பள்ளத்தண்டை போய் நின்றார். நைனா எங்கேயோ போய் ஒரு வேப்பங்கிளையை ஒடித்துக்கொண்டு வந்து, பழைய குச்சியில் கட்டி நட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்றார். வெயில் ஏறிற்று. பெரிய விரால்கள் அகப்படுவது கரையிலிருந்தே தெரிந்தது. அகப்பட்டதும் கூடைக்குள் கெளுத்திக்கு அடியில் போவதும் தெரிந்தது. யாருடைய கூடையையும் திறந்து காட்டு என்று கேட்கிற அதிகாரம் மாமாவுக்கு அன்றைக்கு இல்லை. யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

கடைசியில் சேலையை வரிந்து கட்டின ஒரு அம்மாள் தண்ணீரிலிருந்து ஏறி வந்தாள். அவள் கையில் தொடை பருமனுக்கு ஒரு விரால் துள்ளிக்கொண்டிருந்தது. பிள்ளை பெற்ற மகளுக்குக் குழம்பு வைக்க வேண்டும் என்று காலையில் கரையில் சொல்லிக்கொண்டிருந்தவள். பள்ளத்தண்டை வந்து நின்று, மீனை ஒருமுறை பார்த்தாள், மாமாவை ஒருமுறை பார்த்தாள்.

"இந்தா தூங்குமூஞ்சி, இத்தையாவது பாத்துக்க" என்று பள்ளத்தில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

அதற்குப் பிறகு ஒருவன் வந்தான். அப்புறம் இரண்டு பேர் சேர்ந்து வந்தார்கள். ஒவ்வொருவரும் மாமாவை ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போட்டார்கள். ஒருவன் கூடையின் அடியிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு, மறந்துபோயிற்று என்றான். வெயில் தாழ்ந்தபோது பள்ளத்தில் மறுபடியும் வாய்கள் மேலே வந்து திறந்து மூடின. மாமா அங்கேயே குந்திக்கொண்டு முகத்தைத் துண்டால் துடைத்தார். வியர்வை என்று நினைத்தேன்.

இறங்காத வீட்டுக்கும் பங்கு உண்டு. அன்றைக்கு அத்தை மண்சட்டி நிறையக் குழம்பு வைத்தாள். நைனா பசியில்லை என்று சொல்லிவிட்டார். தம்பி நன்றாகச் சாப்பிட்டான். பாதியில் நிறுத்தி, "இதுல நாம காப்பாத்தனது எது நைனா?" என்று கேட்டான்.

நான் மாமாவோடு பேசவில்லை. கண்விழித்துக் காவல் காத்த மனுஷர் தூங்கினேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? உள்ளதைச் சொல்லியிருந்தால் யாராவது பாவம் பார்த்துப் பிள்ளைகளையாவது இறங்கவிட்டிருப்பார்கள். அவர் சொன்ன பொய்யால் என் மீன்பிடி போயிற்று. எனக்கு அவ்வளவுதான் தெரிந்தது. நைனா பெயர் வெளியே வந்திருந்தால், அவர் பிறந்த ஊரில் விதை மீனை அழித்தவர் என்பதே அவருக்குப் பேராக நின்றிருக்கும். நாங்கள் ரயில் ஏறிப் போன பிறகும் அத்தை கிணற்றடியில் அதைக் கேட்டுக்கொண்டே தண்ணீர் இறைக்க வேண்டியிருந்திருக்கும். அதையெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் மாமா தூங்குமூஞ்சி என்ற பேரை வாங்கிக்கொண்டார். இது எனக்குப் புரிந்தபோது எனக்கே மீசை வந்துவிட்டது. அன்று புரியவில்லை. கோபத்தோடுதான் படுத்தேன்.

மறுநாள் விடிந்ததும் நைனா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லாமல் ஏரிக்குப் போனேன். ஜனம் மிதித்த ஏரி சேறாகக் கிடந்தது. மாமாவும் எங்களை வழியனுப்ப வீட்டில் இருந்தார், அங்கே ஒருவரும் இல்லை. பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கொக்கு கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, தண்ணீரைப் பார்த்தபடி நின்றிருந்தது. ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தேன். அது பறந்து போய்த் தூரத்தில் உட்கார்ந்து, மறுபடியும் பள்ளத்தையே பார்த்தது. நான் இன்னொரு கட்டியைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, நைனா கரைமேலிருந்து கூப்பிடுகிற வரைக்கும் அங்கேயே குந்தியிருந்தேன்.