குடிக்காத மனுஷன் மேல இஞ்சி வாசம்

எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டாரு. இதை முதல்லயே சொல்லிடறேன். ஏன்னா அவர் பாக்குற வேலையைக் கேட்டதும் எல்லாரும் ஒரு மாதிரியா தலையாட்டுவாங்க. ஓட்டல் பார்ல கவுண்ட்டருக்குப் பின்னாடி நிக்கிற வேலை. பாட்டிலைத் திறக்கணும், கலக்கணும், குலுக்கணும், ஊத்திக் கொடுக்கணும், கடைசியில ஆளைக் கைத்தாங்கலா கூட்டிட்டுப் போய் வண்டியில ஏத்திவிடணும். இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு அவர் நாக்குல பட்டதில்ல. கூட வேலை செய்யறவங்க அவருக்கு வச்ச பேரே ‘சோடா’. முதலாளி பிறந்தநாளுக்கு எல்லாரும் கிளாஸைத் தூக்கினப்ப இவர் மட்டும் வெறும் சோடாவோட நின்னாராம். அன்னையிலேர்ந்து சோடா அண்ணே, சோடா மாமா. மேனேஜர்கூட ‘மிஸ்டர் சோடா’ன்னுதான் கூப்பிடுவாரு.

ஏன் குடிக்கறதில்லன்னு ஒரு தடவை கேட்டேன். பெருசா சத்தியம் கித்தியம் ஏதாவது இருக்கும்னு நெனச்சேன். “தினமும் கடைசி ஆளைப் பாக்கறேன்ல, அது போதும்”னாரு. அவ்வளவுதான் அவர் பேச்சு. அதுக்கு மேல வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்.

நான் சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல ஆயா. காலையில நான் கிளம்பும்போது அவர் தூங்கிட்டிருப்பாரு. சாயங்காலம் நான் வந்து செருப்பைக் கழட்டும்போது அவர் செருப்பு வாசல்ல இருக்காது. ஒரே வீடு, ஒரே கட்டில், ஆனா முறை வச்சுப் படுக்கறோம். அடுப்படியில மூடி வச்ச தட்டுதான் எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை. சாப்பாட்டுல உப்பு கம்மியா இருந்தா, உப்பு டப்பாவை எடுத்துக் கழுவின தட்டுக்குப் பக்கத்துல வச்சிருப்பாரு. அதான் அவர் போடற சண்டை. எனக்கோ வாய் நீளம். கேக்க ஆளில்லாம அது வீணாப் போகுது. பையன் வெளியூர்ல வேலையில இருக்கான். போன் பண்ணினா, “அப்பா எங்கம்மா?”ன்னு கேப்பான். “நானும் அதையேதான்டா கேட்டுட்டிருக்கேன்”னு சொல்லுவேன்.

அலுத்துப்போச்சு. இந்த வயசுல எனக்கு நகை வேணாம், ஊர் சுத்திப் பாக்க வேணாம். சாயங்காலம் ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து, சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடணும். சாப்பிட்டுட்டு எதுக்காவது ரெண்டு வார்த்தை திட்டிக்கணும். இவ்வளவுதான் என் ஆசை. இது பேராசையா, நீங்களே சொல்லுங்க.

இப்படி இருக்கறப்பதான் எங்க பள்ளிக்கூட வேன் ஓட்டற பெரியவர், கண்ணு முன்ன மாதிரி இல்ல, வருஷக் கடைசியோட நின்னுக்கறேன்னு சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரர் பார்ல சேர்றதுக்கு முன்னாடி ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டினவரு. லைசென்ஸைப் புதுப்பிச்சு பத்திரமா வச்சிருக்காரு. காலையில பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரணும், பள்ளிக்கூடம் விட்டதும் கொண்டுபோய் விடணும், இருட்டறதுக்குள்ள வீடு. இதைவிட என்ன வேணும்?

பெரிய மேடம், அதாவது எங்க தலைமை ஆசிரியை, அவங்க முன்னாடி போய்க் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னேன். “என் வீட்டுக்காரர் ஒரு ஓட்டல்ல வேலை பாக்கறாருங்க மேடம். வண்டி நல்லா ஓட்டுவாரு. குடி, சிகரெட் எதுவும் கிடையாது. நான் பொறுப்பு”ன்னேன். பார்னு சொல்ல வாய் வரல. ஓட்டல்தானே, அதுல என்ன பொய்? ஆனா ‘நான் பொறுப்பு’ங்கற வார்த்தையை நான் என் கூடப்பிறந்த தம்பிக்குக்கூடச் சொன்னதில்ல. மேடம் என்னை ஒரு நிமிஷம் பாத்தாங்க. “சரி, உனக்காகப் பாக்கறேன். வியாழக்கிழமை மத்தியானம் கூட்டிட்டு வா”ன்னாங்க. உனக்காகன்னுட்டாங்களே! வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்குக் கால் தரையில பாவல.

அந்த வியாழக்கிழமையா பாத்துத்தான் ஓட்டல்ல வருஷக் கடைசி விருந்து வைக்கணுமா? மேனேஜர் வேற எங்கயோ போய்க் குடிச்சுட்டு வந்து, அதே மாதிரி ஒரு காக்டெயில் வேணும்னுட்டாராம். இஞ்சி, ஆரஞ்சு, பர்பன். பர்பன்னா சோளத்துல காய்ச்சற விஸ்கியாம். “பாத்தாலே விசேஷம்னு தெரியணும் சோடா”ன்னு உத்தரவு. ஊத்திக் கொடுக்கறது சாயங்காலம்தான். ஆனா அதைத் தயார் பண்றது காலை வேலை. விடியறதுக்குள்ள போன் அடிச்சாச்சு.

“இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்களேன்”ன்னேன்.

“அந்த வேலை கைக்கு வர்றதுக்குள்ள இந்த வேலையை விடச் சொல்றியா? மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும்”னுட்டு, நான் இஸ்திரி போட்டு வச்ச சட்டையைப் பையில மடிச்சு வச்சுக்கிட்டுக் கிளம்பிட்டாரு.

அங்க நடந்ததெல்லாம் அவர் அப்புறம் சொன்னது. கூடை நிறைய ஆரஞ்சு. தோலோட வட்ட வட்டமா நறுக்கி விதையை எடுக்கணும். அடி கனமான சட்டியில சர்க்கரையைப் போட்டு, தண்ணி விடாம, கரண்டி போடாம, சட்டியை மட்டும் சாய்ச்சு சாய்ச்சு உருக்கணுமாம். தேன் நிறத்தைத் தாண்டி, விளக்காத செம்பு நிறம் வரும்போது ஆரஞ்சை அடுக்கணும். கொஞ்சம் அசந்தா கரி. ஓரம் மட்டும் கருகணும், நடுவுல பளபளன்னு இருக்கணும். இன்னொரு அடுப்புல இஞ்சியை நசுக்கிப் போட்டுக் கொதிக்க வச்சு வடிகட்டணும். அப்புறம் அடுப்பை அணைச்சுட்டு, சூடு ஆறாத அந்த ஆரஞ்சுப் பாகுல பர்பனை ஊத்தணும். ஊத்தினதும் புஸ்ஸுன்னு ஆவி கிளம்பி மூஞ்சியில அடிக்குமாம். ஒரு சட்டின்னா பரவாயில்ல. வர்ற கூட்டத்துக்கு சட்டி சட்டியா செய்யணும். புகை இழுக்கற ஃபேன் வேற அன்னைக்குப் பாத்து ஓடல. மனுஷன் காலை பூரா அந்த ஆவியிலயே வெந்திருக்காரு.

முடிச்சுட்டு, முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவி, மூஞ்சி கழுவி, சட்டை மாத்தி, தலையைச் சீவிக்கிட்டு, சொன்ன நேரத்துக்குப் பள்ளிக்கூட கேட்ல வந்து நின்னாரு. வெளிச்சத்துல அவரைப் பாத்து எவ்வளவு நாளாச்சு! காதோரம் இவ்வளவு நரைச்சிருக்குன்னு எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. காலரை இழுத்துச் சரி பண்ணினேன். தோள்ல ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டேன்.

“உம்முன்னு உக்காந்திருக்காதீங்க. கேட்டதுக்கு நாலு வார்த்தை பேசுங்க”ன்னேன்.

“சரி சரி”ன்னாரு.

மேடம் ரூம் சின்னது. இவர் போய் உக்காந்ததும் மேடம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளினாங்க. “ஆயாம்மா, அந்த ஜன்னலைத் திற”ன்னாங்க. வேர்க்குது போலன்னு திறந்துவிட்டேன். வண்டி ஓட்டி எத்தனை நாளாச்சு, பார்வை எப்படின்னு கேட்டாங்க. இவரும் ஒழுங்கா பதில் சொன்னாரு. அப்புறம் மேடம் சாவகாசமா கேட்டாங்க.

“வரும்போது இஞ்சி ஏதாவது மென்னீங்களா?”

“மெல்லலைங்க மேடம். ஆனா காலையிலேர்ந்து இஞ்சியோடதான் இருக்கேன்.”

“ஆரஞ்சுத் தோலும்?”

“ஆமாங்க மேடம், அதுவும்தான்!” அட, கண்டுபிடிச்சுட்டாங்களேன்னு அவர் மூஞ்சியில ஒரு சந்தோஷம்.

குடிச்சவன் வாசனையை மறைக்க என்ன பண்ணுவான்? இஞ்சியை மெல்லுவான், ஆரஞ்சுத் தோலைக் கடிப்பான். இது பால் குடிக்கற பிள்ளைக்குக்கூடத் தெரியும். “மேடம், அது வந்து, அவர் வேலை என்னன்னா”ன்னு நான் ஆரம்பிச்சேன். அதுக்குள்ள இவர் ஆரம்பிச்சுட்டாரு. நான்தான் பேசச் சொன்னேனே! இருபது வருஷத்துக்குச் சேர்த்து அன்னைக்குப் பேசினாரு. ஓட்டல் பார், விருந்து, சர்க்கரை எப்படி உருகும், ஆரஞ்சை எப்பத் திருப்பணும், எல்லாம். “சூட்டோட பர்பனை ஊத்தினாத்தாங்க மேடம் வாசம் பிடிக்கும்”னு கையால ஊத்திக் காட்டறாரு. அடப் பாவி மனுஷா! வேன் ஓட்ட வந்த இடத்துல பெரிய மேடத்துக்குச் சரக்கு கலக்கக் கத்துக்கொடுக்கறாரு. நான் அவர் காலை மிதிச்சேன். அவர் காலை நகத்தி வச்சுக்கிட்டு மேல சொல்லிட்டே போனாரு.

மேடம் கோபப்படல. கோபப்பட்டிருந்தா நானும் எதுத்து ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவரைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லிட்டு, கதவைச் சாத்திட்டு, என் கையைப் பிடிச்சாங்க.

“ஏம்மா, என்கிட்டயே மறைக்கணுமா?”

“மேடம், சத்தியமா அவர் குடிக்கறதில்ல. பார்ல வேலை, அவ்வளவுதான்.”

“நீ சேர்ந்த நாள்லேர்ந்து உன் துணியில அந்த வாசம் வருது. இங்க எல்லாருக்கும் தெரியும். யாராவது ஒரு வார்த்தை கேட்டிருக்கோமா? உனக்கு ஒரு நல்லது நடக்கட்டுமேன்னுதான் வரச் சொன்னேன். இன்னைக்கு ஒரு நாளாவது நிதானமா வருவாருன்னு நெனச்சேன். பிள்ளைங்க உசுரும்மா. என்னால முடியாது.”

எங்க ரெண்டு பேர் துணியும் ஒரே வாளியிலதான் ஊறும். ஒரே போர்வையைத்தான் மாத்தி மாத்திப் போத்திக்கறோம். வாசம் வராம என்ன செய்யும்?

வாயாடி வாயாடின்னு பேர் எடுத்தவ நான். கையை உருவிக்கிட்டுப் போய் அந்த ஜன்னலைத்தான் சாத்தினேன். மிஸ்ஸுங்க எனக்குக் கொடுத்த பழைய ஸ்வெட்டர், மீந்த கேக், தலைவலின்னு சொன்னா உடனே கிடைக்கற லீவு, எல்லாம் மனசுல வந்துச்சு. நான் பெருக்கித் துடைக்கற சுத்தத்தைப் பாத்துக் கொடுக்கற மரியாதைன்னு நெனச்சுட்டிருந்தேனே! பாத்ரூம் கதவுல இடிச்சுக்கிட்டு நெத்தி வீங்கினப்ப, நர்சரி மிஸ் மருந்து தடவிக்கிட்டே கண் கலங்கினாங்க. கதவுல இடிச்சதுக்கு இந்தம்மா ஏன் அழறாங்கன்னு நான் வீட்டுக்கு வந்து சிரிச்சேன். எல்லாம் பரிதாபம். குடிகாரன் பொண்டாட்டின்னு பரிதாபம். கூசிப்போச்சு எனக்கு.

வெளிய அவர் பஸ் ஸ்டாப்புல நின்னுட்டிருந்தாரு. “என்ன சொன்னாங்க?”

“உங்க மேல வாசம் வருதாம். என் மேலயும் வருதாம்.”

சட்டைக் கையைத் தூக்கி மோந்து பாத்தாரு. “எனக்கு ஒண்ணும் தெரியலையே”ன்னாரு.

நான் நடுத்தெருன்னுகூடப் பாக்காம அவர் தோள்ல மூக்கை வச்சு இழுத்தேன். எனக்கும் ஒண்ணும் தெரியல. அவர் வாசம்தான் வந்துச்சு. இத்தனை வருஷத்துல எங்க ரெண்டு பேர் மூக்குக்கும் அது பழகிப்போச்சு. அவர் இல்லாத நேரத்துல அவர் தலையணையை இழுத்து வச்சுக்கிட்டுத் தூங்குவேனே, அந்த வாசம். அதைத்தான் இவங்கள்லாம் சாராய நாத்தம்னு சொல்றாங்களா? சொல்றதுக்கென்ன, நின்ன இடத்துலயே அழுதேன். பஸ்ஸுக்கு நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க. பாக்கட்டும்.

“சரி விடு”ன்னாரு. பஸ் வந்துச்சு. விருந்துக்கு நேரமாச்சுன்னு ஏறிப் போயிட்டாரு. நான் திரும்பிப் போய் மிச்ச கிளாஸ் ரூமையெல்லாம் பெருக்கினேன்.

மறுநாள் நான் கிளம்பும்போது அவர் குப்புறப் படுத்துக் கிடந்தாரு. விருந்து எப்படின்னு கேட்டேன். “எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சாம். இனிமே தினமும் போடணுமாம்”னு கண்ணைத் திறக்காமயே முனகினாரு. சட்டையை வாளியில ஊறப்போட்டேன். என் துணியை எடுத்து வேற வாளியில போட்டேன். அப்புறம் என் மேலயே எரிச்சல் வந்து, அதையும் தூக்கி அவர் சட்டையோடயே போட்டேன்.

பள்ளிக்கூடத்துல நர்சரி மிஸ் என்னைத் தண்ணிக் குழாய் பக்கம் ஓரமா கூட்டிட்டுப் போனாங்க. மேடம் சொல்லியிருப்பாங்க. என் மூஞ்சி, கழுத்து, கை எல்லாத்தையும் ஒரு தடவை உத்துப் பாத்தாங்க.

“ஆயாம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. வேலை கிடைக்கலங்கற ஆத்திரத்துல, ராத்திரி வீட்ல வந்து அடிச்சாரா?”

எனக்கு இருந்த அசதியில சண்டை போடவும் தெம்பில்ல, விளக்கம் சொல்லவும் தெம்பில்ல.

“அடிக்கறதுன்னாலும் அதுக்கு அவர் வீட்ல இருக்கணுமே மிஸ்”ன்னேன்.