சவரிமுத்து இறக்கிய ஏணி

செய்தி தொழிற்சாலை வாசலுக்குத்தான் வந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் பாய்லர் பார்க்கும் கம்பெனியில் காவலாளி ஆளனுப்பிக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், சவரி அண்ணனின் மருமகன் சைக்கிளைப் பிடித்தபடி நின்றிருந்தான். "மாமா பூட்டாருண்ணா. காலீல பல்லு வெளக்கிகினு இருந்தாரு, அப்பிடியே கெணத்தாண்ட சாஞ்சிட்டாரு" என்றான். எனக்கு அழுகை வரவில்லை. 'அப்பாடா, விட்டது' என்றுதான் முதலில் தோன்றியது. இப்படியும் ஒரு நினைப்பா என்று, அவன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது என்னையே திட்டிக்கொண்டேன்.

கள்ளிக்குப்பத்தில் சவரிமுத்து என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது, சாரங்கு வீடு என்றால் கை காட்டுவார்கள். சரக்குக் கப்பலின் மேல்தளத்து ஆட்களை வேலை வாங்குபவர்தான் சாரங்கு. நான் அதே கப்பலில் கீழே இஞ்சின் ரூமில் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தவன். கடைசி வருடங்களில் அவர் மாதா கோயிலுக்கும் வராமல், யார் முகத்தையும் பார்க்காமல் தெருவில் நடந்ததைக் கண்டு, ஊர்க்காரர்கள் நீங்கள் குடித்துக் கெட்டான் என்றீர்கள், மண்டை குழம்பிவிட்டது என்றீர்கள். அந்த மனிதர் ஒரு சொட்டுக் குடித்ததில்லை ஐயா! அவருக்கு என்ன நடந்தது என்று பார்த்தவன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கோவில்பதாகையிலிருந்து தனசேகர் என்ற பையனைக் கப்பலுக்குக் கூட்டிவந்தவர் சவரி அண்ணன்தான். தனசேகரின் அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்து, வயலெல்லாம் மனையானபின் பட்டறையில் இரும்பு தூக்கியவர். "உம் புள்ளைய என் புள்ள மாதிரி பாத்துக்கறேன்" என்று அவரிடம் கையடித்துச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். தனசேகருக்கு மல்லிகாவைப் பெண் பார்க்கப் போனபோதும் சவரி அண்ணன்தான் முன்னால் நடந்தார். கல்யாணமான மூன்றாம் மாதம் மூவரும் ஒரே கப்பலில் கிளம்பினோம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு, இடம் கிடைக்காமல் வாரக்கணக்கில் கிடந்தோம். அப்படிக் கிடக்கும் கப்பலுக்குச் சின்னப் படகுகள் வரும். பழைய கயிறு, காலி பெயிண்ட் டிரம் கொடுத்து மீனும் வாழைத்தாரும் வாங்குவது எங்கும் உள்ள வழக்கம். கூடையைக் கயிற்றில் இறக்கித்தான் வாங்க வேண்டும், யாரையும் மேலே ஏற்றக் கூடாது. ஆனால் தினமும் வரும் ஒரு மீன்காரக் கிழவருக்கு மட்டும் சவரி அண்ணன் ஏணியை இறக்கிவிடுவார். கிழவருக்கு நம் டீ என்றால் உயிர். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது, இருந்தும் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொள்வார்கள். கேப்டனும் கண்டும் காணாமல் இருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். அதே படகு வந்தது. அதே கிழவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். சவரி அண்ணன் வழக்கம்போல ஏணியைப் போட்டார். படகில் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து ஆட்கள் எழுந்தார்கள். கிழவரின் முதுகில் கத்தி வைத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது அப்புறம்தான் புரிந்தது. கேப்டன் அறைப் பெட்டகம், எங்கள் வாட்ச், சமையல் எண்ணெய் டின் வரை வாரினார்கள். மல்லிகாவுக்கென்று தனசேகர் சிங்கப்பூரில் வாங்கிய டேப் ரெக்கார்டரை ஒருவன் பிடுங்கினான். "டேய், குட்ரா அத்த! பொருளு போனா போவுது!" என்று சவரி அண்ணன் தொண்டை கிழியக் கத்தினார். பாவிப் பயல் தனசேகர் விடவில்லை. ஓங்கி ஒரு வெட்டு. ரெக்கார்டரோடு கடலில் விழுந்தான். சவரி அண்ணன் பின்னாலேயே குதித்தார். அவரைத்தான் எங்களால் தூக்க முடிந்தது, தனசேகர் கிடைக்கவே இல்லை.

அன்று மாலை கேப்டன் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார்: கொள்ளைக்காரர்கள் நங்கூரச் சங்கிலியைப் பிடித்து ஏறினார்கள் என்றே எல்லோரும் சொல்ல வேண்டும். ஏணி என்று ஒரு சொல் வெளியே வந்தால், கப்பல்காரர்களே ஏற்றிவிட்டார்கள் என்று காரணம் காட்டி, இன்சூரன்ஸ்காரர்கள் பையன் வீட்டுக்கு இழப்பீடே இல்லாமல் செய்துவிடுவார்கள். சவரி அண்ணனும் விசாரணையில் அப்படியே சொன்னார். ஊர் வந்தபின் மல்லிகாவிடமும் சங்கிலி என்றுதான் சொன்னார்.

உடல் கிடைக்காத சாவு இருக்கிறதே, அது மாதிரி ஒரு கொடுமை வேண்டாம். காணாமல் போனவர் என்றே வருடக்கணக்கில் வைத்திருந்தார்கள். மல்லிகா பொட்டோடும் தாலியோடும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை தைக்கப் போய்வந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு கோர்ட்டுக்கும் துறைமுக ஆபீசுக்கும் அலைந்தவர் சவரி அண்ணன். மழைக்கு முன்னால் அவள் வீட்டுக் கூரையை மாற்றிக் கொடுத்தவரும் அவர்தான். "என் ஊட்டுக்காரர் பின்னால கடல்ல குதிச்ச மனுசன். எனுக்குக் கூடப் பொறந்தது கூட இந்த மாரி இல்ல" என்று அவள் ஊரெல்லாம் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் முகம் செத்துப்போகும்.

ஒருமுறை நம் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கடற்கொள்ளையரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நினைவிருக்கும் உங்களுக்கு. ஒற்றைக்கண், புதையல் என்று கதை கேட்க உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம், "நான் பாத்தவனுங்க காலுல செருப்பு கூட இல்ல" என்று ஆரம்பித்தார். "அந்தக் காலத்துல வெள்ளக்கார ராஜாவே கடுதாசி குட்த்து கொள்ளையடிக்க அனுப்பினான். நம்ம சோழ ராஜா கப்பல் கட்டிக்கினு கடாரம் போய் வாரிக்கினு வந்தாரு, அத்த வெற்றின்னு படிக்கிறோம். போனவன் கத, வந்தவன் கத எல்லாம் எழுதி வச்சிகீறாங்க. ஊருக்கு ஊரு கதவத் தொறந்து உட்டவன் ஒருத்தன் இருந்துருப்பான். அவன் அப்பால இன்னா ஆனான், எப்பிடித் தூங்கினான்னு எவனும் எழுதல" என்றவர் மேலே பேச முடியாமல் இறங்கிவிட்டார். சாரங்குக்கு மேடைப் பயம் என்று சிரித்தீர்கள்.

கடைசியில் தனசேகர் இறந்ததாகக் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. மல்லிகா தாலியைக் கழற்றினாள், இழப்பீடும் வந்து சேர்ந்தது. இனிச் சொன்னால் அவளுக்கு நஷ்டமில்லை என்று சவரி அண்ணன் முடிவு செய்தார். "வேணாம் அண்ணாத்தே, உடு" என்று நான் கெஞ்சினேன். கேட்கவில்லை. கோவில்பதாகைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், அவள் எதிரில் நின்று, "சங்கிலி இல்லம்மா. நான்தான் ஏணி போட்டேன்" என்றார். திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தார் போல. அவள் அப்படி எதுவும் செய்யவில்லை. "இத்த ஏண்ணா எங்கிட்ட சொன்ன? எனுக்குன்னு நீ ஒர்த்தன்தான் இருந்த. இப்ப உன்னியும் இல்லாம பண்ணிட்டியே" என்று கேட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவேயில்லை.

அதன்பின் அவர் சென்னீர்குப்பத்தில் ஒரு லாரி ஷெட்டில் காவலுக்குப் போனார். போன மாதம் பார்க்கப் போனேன். எலும்பும் தோலுமாக இருந்தார். "சொல்லாம இருந்தா செத்துருவேன்னு நெனச்சேன் நைனா. சொன்னப்பறம்தான் சாவுறேன்" என்றார். ஆறுதலாக என்னவோ உளறினேன். ஒரு வார்த்தையாவது உருப்படியாகச் சொல்லியிருக்கலாம்.

அடக்கத்துக்கு மல்லிகா வந்தாள். கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்தாள், புடவையில் நூல் பிசிறு ஒட்டியிருந்தது. வீட்டுக்குள் வராமல் தெருமுனையில் நின்று என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நீயும் அந்தக் கப்பல்ல இருந்தவன். அவரு சொன்னது நெஜமா? இல்ல, அவரா எதையோ மனசுல போட்டு கொயப்பிக்கினு சொன்னாரா?"

இத்தனை நாளும் அதை அவள் முழுதாக நம்பாமல்தான் இருந்திருக்கிறாள். உள்ளே சவரி அண்ணன் பெட்டியில் கிடக்கிறார். எந்த உண்மையைச் சொல்லி அவர் எல்லாவற்றையும் இழந்தாரோ, அதை அவர் பிணத்தை வைத்துக்கொண்டு நான் பொய்யாக்குவதா? "நெஜம்தாம்மா" என்றேன்.

"நீயாச்சும் இல்லன்னு சொல்லக்கூடாதாண்ணா? ஒருதபா அவரு மூஞ்சியப் பாத்துட்டுப் போயிருப்பேனே" என்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துவிட்டாள்.

பெட்டியை மூடும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி வரவில்லை. சவரி அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த உண்மை ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.