கெப்ஸ் லொக் விளக்கும் நஸீரும்

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் யாரோ இறந்த ஜனாஸா அறிவித்தல் வந்தபோது நான் கந்தோர் மேசையில் கம்ப்யூட்டரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன். திரை மறுபடியும் மஞ்சளாகியிருந்தது. "உப்புக் கந்தோர் நஸீர்" என்ற பெயர் காதில் விழுந்ததும் கை அப்படியே நின்றுவிட்டது. சில மாதங்களாக எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் மனம் உடனே நம்பவில்லை. நஸீர் விஷயத்தில் ஊர் ஒருமுறை ஏற்கெனவே அவசரப்பட்டிருந்தது.

அவனைத் தெரிந்த ஊர்க்காரர் உங்களிடம் "அவர்" என்று எழுதினால் அவனே சிரிப்பான். புத்தளம் உப்பளத்தில், ஒரே அறையில், எதிரெதிர்க் கதிரைகளில் நரைத்தவர்கள் நாங்கள். இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். களப்புக் காற்றிலிருந்த உப்பு ஏறி ஏறி அதற்கு வராத வருத்தம் இல்லை. ஒருநாள் திரையில் நீலம் செத்து எல்லாமே மஞ்சளாய் நிற்கும். இன்னொரு நாள் ஒரே இருட்டு. நான் கோபக்காரன், உச்சியில் ஒரு தட்டுப் போடுவேன். நஸீர் என் கையை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, பின்பக்கம் குனிந்து திரைக்குப் போகும் கம்பியின் திருகாணிகளை இறுக்குவான். அதற்கும் சரிவராவிட்டால் டோர்ச்சை இருட்டுத் திரையில் அடித்து, மங்கலாக எழுத்துத் தெரிகிறதா என்று பார்ப்பான். தெரிந்தால் உள்ளே விளக்குத்தான் போயிருக்கிறது, படம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒவ்வொன்றாகத்தான் செய்வான். "ஒரு நேரத்துல ஒண்டை மட்டும் மாத்து மச்சான். ரெண்டை மாத்தினா எது சுகமாக்கினது எண்டு தெரியாது" என்பான். இந்தப் பொறுமை அவனுக்கு எங்கிருந்து வந்தது என்று நான் வியக்காத நாளில்லை. அதைப் பார்த்து எனக்கு இன்னும் கோபம் வரும்.

ஒருநாள் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து திரை கறுப்பு. பழைய இரும்பு வாங்குகிறவரைக் கூப்பிட்டார், அவரும் தராசோடு வாசலில் வந்து நின்றார். நானும் தொலையட்டும் என்றுதான் சொன்னேன். நஸீர் விசைப்பலகையில் கெப்ஸ் லொக் பொத்தானை அமத்தினான். மூலையில் சின்னப் பச்சை வெளிச்சம் வந்தது. மறுபடி அமத்தினான், அணைந்தது. முதலாளியைப் பார்த்துச் சொன்னான்: "மெஷின் மவுத்தாகல்ல, உயிர் இரிக்கு. நாம கேக்கிறதுக்குப் பதில் சொல்லுது. முகம்தான் காட்டுதில்ல." பிறகு கம்பியைக் கழற்றினான். அதன் முனையில் உப்புப் பூத்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்து மாட்டியதும் படம் வந்தது. தராசுக்காரருக்கு ஒரு பிளேன்டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

போன வருடம் நஸீருக்குப் பாரிசவாதம் வந்தது. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தபோது பேச்சில்லை, முகத்தில் ஓர் அசைவும் இல்லை, கண் ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. ஆளுக்கு நினைவே இல்லை என்று எல்லோரும் முடிவுகட்டிவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் அவன் தலைமாட்டிலேயே நின்று, கபுர்க் குழியை எங்கே வெட்டுவது என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி ஸித்தி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தா. எனக்கு வந்த கோபத்தில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

பிறகு கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு, அவன் இடது உள்ளங்கையில் என் விரலை வைத்தேன். "மச்சான், நான் கதைக்கிறது விளங்கினா ஒருக்கா அமத்து" என்றேன். ஒன்றுமில்லை. அவசரப்படாமல் இருக்க அவனிடமிருந்துதானே பழகியிருந்தேன், அப்படியே இருந்தேன். விரலைச் சுற்றி அவன் கை மெல்ல இறுகியது. இன்னொரு தடவை கேட்டேன். மறுபடியும் இறுகியது. "ஸித்தி, இங்க வாங்க, இவன் கேட்டுக்கொண்டுதான் இரிக்கான்" என்றேன். வந்து அந்தக் கையைப் பிடித்தவ, சாப்பாட்டு நேரத்துக்குத்தான் விட்டா.

அதிலிருந்து ஓம் என்றால் ஒருக்கா, இல்லை என்றால் ரெண்டு தரம். தேத்தண்ணீருக்குச் சீனி போடவா என்று கேட்டால் மட்டும் நோயாளி என்று நம்ப முடியாத அளவுக்கு ஒருக்கா இறுக்கி அமத்துவான். டொக்டர் சீனி வேண்டாமென்றது அவனுக்கும் தெரியும். அந்த வீட்டில் மறுபடியும் சிரிப்புக் கேட்டது. கந்தோர்ப் புதினமெல்லாம் நான் சொல்லுவேன். கம்ப்யூட்டரைத் தட்டினேன் என்றால் ரெண்டு தரம் அமத்துவான். கடைசி இரவும், பக்கத்திலேயே இருக்கட்டுமா என்று ஸித்தி கேட்டதற்கு ஒருக்கா அமத்தினானாம்.

மையித்தைக் குளிப்பாட்டும்போது அந்த இடது கை நான் நின்ற பக்கம் இருந்தது. விரலை வைத்து, வாய்க்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் நம்பினேன், அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்: முகம் இருண்டிருக்கிறது என்பதற்காக எதையும், யாரையும் முடிந்துபோனதாக எண்ணாமல், ஒருமுறை கேட்டுப் பார்ப்பது. நஸீர் போய்விட்டான். ஆனால் போகும்வரை எங்களோடு கதைத்துக்கொண்டுதான் இருந்தான்.