மாஸ்டர் போட்ட கேசட்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய கேசட் இருக்கிறது. அட்டையில் நீல மையால் ‘பிள்ளைகள் பாட்டு’ என்று எழுதியிருக்கும். எழுதியவர் அந்தக் காலத்தில் எங்கள் கம்பெனியில் துணி வெட்டிய கட்டிங் மாஸ்டர். அதைக் கேட்பதற்காகவே ஒரு டேப் ரெக்கார்டரைப் பழுது பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறேன். பைத்தியம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும், எனக்கென்ன?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து, அவரவர் கொண்டுவரும் கேசட்தான் பாடும். டேப் ரெக்கார்டர் என் மெஷினை ஒட்டி இருந்ததால் போடுவதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. எல்லோரும் சினிமாப் பாட்டுதான் கொண்டுவருவார்கள். மாஸ்டர் மட்டும் தன் முறையை யாருக்காவது விட்டுக்கொடுத்துவிடுவார். ஐம்பது வயதுக்காரர், அதிர்ந்து பேசமாட்டார். அடுக்கி வைத்த துணியில் அவர் கத்தி கொஞ்சம் விலகினாலும் மொத்தமும் வீண் என்பதால் முதலாளிகூட அவரிடம் குரலை இறக்கித்தான் பேசுவார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் ஒரு கேசட்டை என்னிடம் நீட்டினார். போட்டேன். கேசட்டுக்குள் எங்கோ ஒரு நாய் குரைத்தது. விசைத்தறி தடதடத்தது. அதற்கு மேல் ஏழெட்டுச் சிறுமிகளின் கைதட்டு, பிறகு பாட்டு:

“ஆட்டுக்குட்டி எங்க போச்சு?
சோளக்காட்டத் தேடிப் போச்சு!”

ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! மதுரைப் பக்கத்திலிருந்து வந்த டெய்லர் அண்ணன், “என்ன மாஸ்டர், பால்வாடியில சேரப் போறீகளா?” என்று கத்தினார். மாஸ்டர் இத்தனை நாள் சேர்த்த மரியாதை ஒரு பாட்டில் போய்விடுமே என்று பதறி, பாட்டை நிறுத்திவிட்டு, “அவர் பேத்தி கேசட்டுங்க, மாத்திக் கொண்டாந்துட்டாருங்க” என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன்.

மாஸ்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். முகத்தில் கோபம் இல்லை, வெட்கமும் இல்லை.

“பொய் எதுக்குங்க அம்மணி? எனக்குப் பேத்தியே இல்லீங்க. எங்க சோமனூர் வீதிப் பிள்ளைங்களுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் குடுத்து நானே டேப்புல புடிச்ச பாட்டு. நல்லா இருக்குது, கேக்கறேன். இன்னைக்கு என்ற முறைதானுங்க?”

அவரே பொத்தானை அழுத்திவிட்டு மேசைக்குத் திரும்பினார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவருடைய மரியாதையைக் காப்பாற்றப் போய், அதைக் குறைத்தது நான் ஒருத்திதான்.

தலை நிமிராமல் தைத்துக்கொண்டே கேட்டேன். மூன்றாவது பாட்டில் ஒரு சின்னக் குரல் மட்டும் ஒவ்வொரு அடியையும் அவசரப்பட்டு முன்னாலேயே தொடங்கியது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே ஓடி வந்து அதைப் பிடித்தார்கள். அடடா, என்ன அழகு! கைதட்டு தறிச் சத்தத்தோடு சேர்ந்தும் விலகியும் போனது. அந்தக் குரல் வரும் முன்பே மாஸ்டர் வெட்டுவதை நிறுத்திப் புருவத்தைத் தூக்கிக் காத்திருந்தார். மத்தியானம் அந்த மதுரை அண்ணனே, “அந்த அவசரக்குடுக்கைப் புள்ள பாட்டை இன்னொருவாட்டி போடுத்தா” என்றார்.

அடுத்த வாரம் மாஸ்டர் எனக்கென்று ஒரு பிரதி எடுத்து வந்தார். “வெச்சுக்கங்க அம்மணி. யாராச்சும் கேட்டா பேத்தி கேசட்டுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க” என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு சமைத்தேன். வேலைக்குப் போகும் என் மகள் எட்டிப் பார்த்து, “ஊட்டுல கொழந்தையே இல்லியேம்மா, யாருக்கு இந்தப் பாட்டு?” என்றாள்.

மூன்றாவது பாட்டு வரப்போகிற நேரம். அடுப்பைத் தணித்துவிட்டுக் கையை உயர்த்தி அவளைப் பொறுக்கச் சொன்னேன். சின்னக் குரல் அவசரமாக உள்ளே நுழைந்தது.

“எனக்குத்தான் கண்ணு” என்றேன்.