கட்டிக் காட்டிய கயிறு

இப்போதெல்லாம் பாம்புக்கடி பற்றிப் பேசப் போகும்போது நான் கயிறு கொண்டுபோவதில்லை.

கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவன் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரை ஆனையூர் வீட்டிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பேசுவேன். படம் போட்டு விளக்கினால் ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். அதனால் கொஞ்சம் நாடகம் சேர்த்துக்கொண்டேன். கைதட்டலில் ருசி கண்டவன் லேசில் விடுவானா?

திருமங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் நல்ல கூட்டம். முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு விவசாயியை, "அண்ணே, இங்கிட்டு வாங்க" என்று கூப்பிட்டேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார். "பாம்பு கடிச்சா நம்மாளுக என்ன செய்வாக?" என்று கேட்டுக்கொண்டே அவருடைய வலது முழங்காலுக்குக் கீழே கயிற்றைச் சுற்றி இறுக்கினேன். "ஆத்தாடி, காலு மரத்துப் போச்சு சார்!" என்று அவர் துள்ளினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சும்மா இருக்காமல் இன்னொரு முடிச்சுப் போட்டேன். அதற்குள் டீ வந்துவிட்டது. எழுந்து நடக்க ஆரம்பித்தவர்களின் முதுகைப் பார்த்துத்தான், "இப்படிக் கட்டவே கூடாது, காலை அசைக்காம ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போயிரணும்" என்று சொன்னேன்.

சில மாதம் கழித்து அவர் மனைவி போன் செய்தார். வயலில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டதாம். மதுரை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தார். வலது முழங்காலுக்குக் கீழே போர்வை தட்டையாகக் கிடந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததை என்னால் தாங்க முடியவில்லை.

"நீங்க கட்டுன அதே எடத்துல கட்டினேன் சார், அம்புட்டு இறுக்கமா. கட்டியாச்சுல்ல, இனி விசம் ஏறாதுன்னு பதறாம பஸ் வர்ற வரைக்கும் உக்காந்திருந்தேன். காலு போனாலும் உசுரு தப்பிச்சது உங்களாலதான்."

அவர் மனைவி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். உயிரைக் காப்பாற்றியது ஆஸ்பத்திரியில் போட்ட ஊசி. காலைக் கொண்டுபோனது அந்தக் கட்டும், பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரமும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டு வந்துவிடத்தான் நினைத்தேன். சொல்வதால் போன கால் வந்துவிடுமா என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அப்போது அவர், "ஊர்ல எல்லாருக்கும் அந்தக் கட்டைச் சொல்லிக் குடுத்திருக்கேன் சார்" என்றார்.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை நாடகம் எதுவும் இல்லை. ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். தட்டையாகக் கிடந்த போர்வையைக் கையால் நீவிவிட்டார். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"கட்டக் கூடாதுன்னா, பெறகு எதுக்கு சார் கட்டிக் காமிச்சீக?"